ஏழு நாள் வரைபடம்

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அப்படி எதுவும் செய்வதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். அதன் முதுகுப் பக்கம் கை வைத்தால் சுடுவது அதனால்தான். சூட்டை அள்ளும் தகடு பின்சுவரை ஒட்டி இருப்பதால், உள்ளே அந்தச் சுவர்தான் எல்லாவற்றையும் விடக் குளிர்ந்த இடம். வீட்டு ஃபிரிட்ஜில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. சுவரை ஒட்டி வைத்த தக்காளி விறைத்துப்போகும். தடுப்பூசி ஃபிரிட்ஜில் அப்படி விட முடியாது. ஃப்ளூ ஊசி மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு தடவை உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். அது விஷமாகிவிடாது, பலன் போய்விடும். உறைந்து உருகிய மருந்தைக் கண்ணால் பார்த்து மட்டும் நிச்சயமாகக் கண்டுபிடிக்கவும் முடியாது.

கிளினிக் கிளினிக்காகப் போய் இந்த ஃபிரிட்ஜ்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. பட்டறையில் எனக்குப் ‘புரொபசர்’ என்று பெயர். மரியாதைக்காக வைத்த பெயர் இல்லை. “பல்பு மாத்தச் சொன்னா, சூரியன் எப்படி எரியுதுங்கறதுலேருந்து ஆரம்பிப்பாரு” என்பார்கள்.

என் தங்கைக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துத்தான் வயிற்றில் தங்கியது. அவள் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்தாள். ஒரு நாளைக்கு முப்பது மூக்குகளைத் துடைக்க வேண்டும். ஆறாம் மாதம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அண்ணா, நர்ஸம்மா ஃப்ளூ ஊசி போட்டுக்கச் சொல்றாங்க. காப்பகத்துல எல்லாப் பிள்ளைங்களும் இருமுது. போடலாமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு.”

“ஒரே வார்த்தையில சொல்ற விஷயமா இது?” என்றேன்.

“தெரியும். உன்கிட்ட ஒண்ணு கேட்டா ஆயிரத்தெட்டு வரும். இருந்தாலும் வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உன் வாயால கேட்டாத்தான் எனக்குத் தைரியம்.”

போடு என்பதுதான் என் பதில். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனால் அவள் புரிந்துகொண்டு போட வேண்டும் என்று நினைத்தேன். ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி இல்லை, செத்த கிருமியின் துண்டுகள் என்று சொன்னேன். உடம்பு அந்தத் துண்டுகளைப் பார்த்து எதிரியின் முகத்தைப் படித்துக்கொள்ளும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஆயுதம் தயாராகும். அதில் ஒரு பங்கு கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை இந்த ஊசியே போட முடியாது, அதுவரை அம்மாவிடமிருந்து வாங்கி வந்ததுதான் அதற்குக் கவசம். வயிறு மேலே ஏற ஏற நுரையீரலுக்கு இடம் குறைகிறது, அதனால்தான் கர்ப்பிணிக்கு ஃப்ளூ வந்தால் மற்றவர்களை விடக் கடுமையாகத் தாக்குகிறது என்றும் சொன்னேன்.

அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முகம் தெளிந்திருந்தது. அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

“ஆனா இது எல்லாமே மருந்து சரியான குளிர்ல இருந்தாத்தான்” என்று ஆரம்பித்தேன். பின்சுவர், தகடு, உறைதல், பார்த்தால் தெரியாது என்பது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிளினிக்கில் நானூறு குப்பிகளைக் கொட்டிய கதை. காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.

அவள் கணவர் கண்ணாடி வெட்டுபவர். ஜன்னலுக்கும் மேஜைக்கும் அளவெடுத்து வெட்டிக் கொடுப்பார். அதிகம் பேசாதவர். அன்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “மச்சான், கண்ணாடியில கோடு கிழிச்சா அப்பவே உடைச்சிடணும். போட்டு வெச்சிட்டு யோசிச்சா அப்புறம் கோணலாத்தான் உடையும்” என்றார்.

எனக்கு அது ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கோட்டின் அடியில் நுண்ணிய விரிசல் பிறக்கிறது, நேரமாக ஆக அதன் இழுவிசை தளர்ந்துவிடுகிறது என்று அவருக்கே விளக்கினேன். அவர் எதற்காகச் சொன்னார் என்பதைக் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் தங்கை போன் செய்தாள். “போட்டுக்கவா?” என்றாள். “பொறு, உனக்குப் படமே போட்டுத் தரேன்” என்றேன். ஆற அமர மூன்று தாளில் வரைந்தேன். தாய், கொடி, குழந்தை. அம்புக்குறிக்குச் சிவப்பு, குளிருக்கு நீலம். முடிக்கப் பத்து நாள் ஆனது. வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். “ஒரு வார்த்தை கேட்டேன், மூணு பக்கம் வந்திருக்கு.” அந்தத் தாள்களைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தாள். நல்ல மாணவி அவள். மூன்றாவது தாளைத்தான் நன்றாகப் படித்திருந்தாள், ஃபிரிட்ஜ் படத்தை.

முதலில் கேட்டு நான்கு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அவளாகவே முடிவு செய்து கிளினிக்குக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டாள். நர்ஸம்மா மருந்து எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது, பெட்டிகள் பின்சுவரை ஒட்டி அடுக்கியிருந்ததையும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக உறைபனி படிந்திருந்ததையும் பார்த்துவிட்டாள். சுருட்டிய கையை இறக்கிவிட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போன் செய்தாள்.

“ஊசி போட வந்தியா, ஃபிரிட்ஜ் வாங்க வந்தியா?” என்று நர்ஸம்மா கேட்டது போனில் எனக்கே காதில் விழுந்தது.

“போடாத” என்றேன். “நான் வந்து பார்க்கறேன்.”

அவள் கேட்ட அந்த ஒற்றை வார்த்தை அப்படித்தான் என் வாயிலிருந்து வந்தது.

அன்று மதியமே போனேன். நர்ஸம்மா வெப்பமானியைக் காட்டினார். நான்கு டிகிரி. “இது இந்த நிமிஷத்துக்கு நாலு. மத்த நேரத்துல?” என்றேன். இப்படிப்பட்ட சந்தேகம் வந்தால் எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. தீப்பெட்டி அளவில் ஒரு பதிவுக் கருவி. அதை மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும். ஏழு நாள் விட வேண்டும். அப்போதுதான் வேலை நாள், விடுமுறை நாள், கதவு ஓயாமல் திறக்கும் நேரம், பூட்டியே கிடக்கும் நேரம் எல்லாம் கணக்கில் வரும். அரைகுறையாகப் பார்த்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

“ஏழு நாளா?” என்றார் நர்ஸம்மா. “இந்தப் பெட்டி மேல சந்தேகம்னா மெயின் ரோடு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்களேன். அங்கயும் நீங்கதானே ஃபிரிட்ஜ் பார்க்கறீங்க? பஸ்ல ரெண்டு ஸ்டாப்பு.”

“அதுவும் சரிதான்” என்றேன். சொல்லிக்கொண்டே கருவியை டேப் போட்டு ஒட்டினேன். அந்த மெயின் ரோடு ஃபிரிட்ஜ் என் கை பட்டுப் பட்டு வேலை செய்வது. அதன் வெப்பம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்த நேரத்தில் என் மனம் முழுக்க அந்த உள்ளங்கை அகல உறைபனியில் இருந்தது. அது எங்கிருந்து வந்தது? கதவைச் சுற்றியிருந்த ரப்பரை விரலால் தடவினேன். கீழ் மூலையில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். வெளியே இருந்து ஈரக் காற்று அதன் வழியாக நுழைந்து, மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய் உறைந்திருக்கிறது. கண்டுபிடித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

ஆறாவது நாள் தங்கை கூப்பிட்டாள். “தொண்டை கரகரங்குதுண்ணா. உடம்பு அனலா இருக்கு.”

“நாளைக்கு ரீடிங் எடுத்துடுவேன்” என்றேன்.

ஏழாவது நாள் கருவியைக் கழற்றிக் கணினியில் போட்டேன். ஏழு நாளைக்கு ஆயிரத்தெட்டு அளவுகள். தங்கை சொன்ன கணக்கு சரியாக வந்துவிட்டதே என்று சிரித்துக்கொண்டேன். அழகான வரைபடம். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கதவு திறக்கும்போதெல்லாம் சின்னச் சின்ன மேடுகள், பிறகு சமவெளி. மிகக் குறைந்த அளவு இரண்டு புள்ளி ஒன்பது. ஒரு குப்பிகூட உறையவில்லை. நல்ல மருந்து. அதை அச்செடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மூச்சு விட முடியலையாம்” என்றார்.

ஃப்ளூ நிமோனியாவாகியிருந்தது. ஆக்ஸிஜன் வைத்தும் போதவில்லை. குழந்தையை வெளியே எடுத்தால்தான் தாய்க்கு மூச்சு என்றார்கள், எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோ இருந்தது.

இன்குபேட்டரின் கண்ணாடிக்கு வெளியே நானும் மாப்பிள்ளையும் நின்றோம். அந்தப் பெட்டி ஃபிரிட்ஜின் மறுபக்கம். சூட்டை உள்ளே கொண்டுவந்து ஓரங்கள் வழியாகச் சுற்றவிடுவது. காற்று நேராகக் குழந்தை மேல் படாமல் அதில் இரட்டைச் சுவர் வைத்திருக்கிறார்கள். “பாருங்க மாப்பிள்ளை, அந்த சென்சார்...” என்று ஆரம்பித்தேன்.

“மச்சான், வாய மூடிட்டு நில்லுங்க” என்றார் அவர். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

நான்கு நாள் இருந்தது. ஐந்தாவது நாள் காலையில் பெட்டியை அணைத்தார்கள்.

தங்கை பிழைத்து வீடு திரும்பி மூன்று வாரம் ஆனபின் அவளைப் பார்க்கப் போனேன். சட்டைப் பையில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதை அவளிடம் சொன்னால் இரண்டு பேருக்கும் பாரம் குறையும் என்று உண்மையாகவே நம்பினேன்.

“நான் நிறுத்தின அந்தச் சனிக்கிழமையே நீ போட்டிருந்தாலும் ஆயுதம் தயாராக ரெண்டு வாரம் ஆகும்மா. உனக்கு ஆறாவது நாளே வந்திருச்சு. அப்படிப் பார்த்தா அந்த ஊசி அதுக்குள்ள...”

அவள் குறுக்கே பேசவில்லை, முழுக்கக் கேட்டாள். பிறகு அலமாரிக் கதவைப் பார்த்தாள். தாள்கள் இல்லை, ஒட்டிய தடம் மட்டும் இருந்தது.

“கணக்கு சரி. நான் உன்கிட்ட முதல்ல கேட்டது என்னைக்கு?”

எனக்குத் தெரியும்.

“அந்த ஞாயித்துக்கிழமை. துணி மடிச்சிட்டிருந்தேன். அன்னைக்கிலேருந்து காய்ச்சல் வந்த நாள் வரைக்கும் எண்ணிப் பாரு.”

“முப்பத்தி...”

“முப்பத்தஞ்சு வேணாம், முப்பத்தி நாலுன்னே வெச்சுக்க. ரெண்டு வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல வருது. போடுன்னு ஒரு வார்த்தை. எச்சில் முழுங்கற நேரம்.” அவள் குரலில் அழுகை இல்லை. காப்பகத்தில் வேறு யாரோ வீட்டுப் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிடுகிற அதே குரல். “உனக்கு என்னைக் காப்பாத்தணும்னு இருந்துச்சு, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அதை விட எனக்குப் புரியவைக்கணும்னு இருந்துச்சு. புரிஞ்சிடுச்சுண்ணா. நல்லாவே புரிஞ்சிடுச்சு. போயிட்டு வா.”

அதற்குப் பிறகு விசேஷம், துக்கம் என்று பார்த்தால் வா என்பாள், சாப்பிட்டாயா என்பாள். எதையும் கேட்கமாட்டாள். மிக்ஸி ஓடவில்லை என்றால்கூடத் தெருமுனைக் கடைக்கு எடுத்துப் போய்விடுவார் மாப்பிள்ளை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இடது கையில் ரவிக்கைக் கைக்குக் கீழே வட்டமாக ஒரு சின்ன பிளாஸ்டர். நான் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

“போட்டாச்சு” என்றாள்.

நல்லது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது போதும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஒன்றரை வருடமாக என்னைப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

“எந்த கிளினிக்ல?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. அவள் போக வேண்டிய பேருந்து வரவில்லை; வேறு ஏதோ பேருந்துதான் வந்து நின்றது. அதில் ஏறிக்கொண்டாள்.