பத்தாவது ஆளின் துடிப்பு

செவ்வாய்க்கிழமை மாலை வாசனைத் தைல சிகிச்சை வகுப்புக்கு நான் பத்துப் பேரின் நாடித்துடிப்பைக் குறித்துக்கொண்டுபோக வேண்டும். பகலில் எனக்குப் பிரான்சில் லாவெண்டர் விளையும் தீஞ் நகரத்துப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. பல் பிடுங்க வருபவர்களின் பயத்தை லாவெண்டர் தைலம் குறைக்கிறதா என்பதுதான் என் ஆய்வு. காகிதக் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுக் கொடுப்பேன். முகர்வதற்கு முன்பும் பத்து நிமிடம் கழித்தும் துடிப்பை எண்ணுவேன். ஒன்பது பேருக்குக் குறைந்திருந்தது. என் மேல் நம்பிக்கையில்லாமல் ஒவ்வொருவருக்கும் இரண்டு தரம் எண்ணியிருந்தேன்.

பத்தாவது ஆள் ஓசியாஸ், அறுபது வயதுக்காரர். கடைவாய்ப்பல்லில் சீழ். ஏற்கெனவே இரண்டு முறை நாற்காலி வரை வந்து ஓடிப்போனவர். இன்றும் ஓடினால் சீழ் தாடைக்குள் இறங்கிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். முதலில் தொண்ணூற்றாறு. முகர்ந்த பிறகு நூற்றுப் பதினெட்டு. திரும்ப எண்ணினேன், நூற்றிருபது. அவர் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவரை உள்ளே அழைக்க வந்த நர்ஸ் கிஸ்லேன் வாசலிலேயே நின்றாள்.

"கோட்டை விட்டுட்டு வாங்க மிசியே. அதுக்குப் பல்லு வலிக்கலையே."

அவர் சிரிக்கவில்லை. அவள் என் கைக்குட்டையைப் பார்த்தாள்.

"இந்த வாசனை ஒத்துக்கலையா?"

"முப்பது வருஷம் லாவெண்டர் வடிச்சவன்மா நான்." சட்டைக் கையை மேலே இழுத்தார். முழங்கை வரை வெந்து சுருங்கிய தோல். "கொதிகலன் மூடி தெறிச்ச அன்னைக்கும் இதே வாசனைதான்."

என் படிவத்தில் வயதுக்கும் எடைக்கும் கட்டம் இருந்தது. வேலைக்கு இல்லை. லாவெண்டரே பிழைப்பான இந்த ஊரில்கூட அதைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

கிஸ்லேன் கைக்குட்டையை வெளியே போட்டாள், சன்னலைத் திறந்தாள், சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

"சரி, எந்தப் பூ உங்களுக்கு ஆகும்?"

கொஞ்சம் யோசித்தார். "சின்னதுல தூக்கம் வரலேன்னா சர்க்கரைக் கட்டியில ஆரஞ்சுப்பூத் தண்ணி விட்டு அம்மா கொடுப்பாங்க."

"பொண்ணே, எதிர் பேக்கரியில கார்னிவல் பண்டிகைக்கு ஆரஞ்சுப்பூத் தண்ணி விட்டுப் பலகாரம் சுடறாங்க. அந்தத் தண்ணி ஒரு மூடி வாங்கிட்டு ஓடி வா."

வாங்கி வந்தேன். பஞ்சில் நனைத்து அவர் சட்டைக் காலரில் செருகினாள். ஓசியாஸ் கண்ணை மூடி இழுத்தார்.

"செங்கல் மாதிரி பலகாரம் சுடுவானே, அவன்கிட்டயா வாங்கினே?"

"உங்க பல்லு போனதே அதனாலதான்னு அவன்கிட்ட சொல்லிடறேன்," என்றாள் கிஸ்லேன். "வாங்க."

போனார். உட்கார்ந்தார். பிடுங்கி முடிக்கும்வரை அவள் ஒரு கை அவர் தோளிலேயே இருந்தது.

பிறகு என்னிடம் வந்தாள். "என்ன எழுதப்போறே?"

"பூவா நீங்களா, எது அவரை உட்கார வச்சுதுன்னு தெரியலை."

"ரெண்டையும் எழுது."

நூற்றிருபதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஆரஞ்சுப்பூவுக்கு எதிரே உள்ள கட்டம் காலி. எண்ண மறந்துவிட்டேன், கிஸ்லேனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.