காலி மேடைக்குத் தட்டிய கை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கிற பாட்டுப் போட்டி அது. பிள்ளை மேடையில் பாடும், அப்பா கண் கலங்குவார், பார்க்கிற நாமும் மூக்கை உறிஞ்சுவோம். அட, அந்த அப்பா எந்தப் பாட்டையும் கேட்டு அழவில்லை என்று யாருக்குத் தெரியும்? போட்டி தொடங்குமுன்பே ஒருநாள் சொந்தக்காரர்களை வரவழைத்து, காலி மேடையைப் பார்த்துக் கைதட்டு, சிரி, கண்ணைத் துடை என்று படம்பிடித்து வைத்துக்கொள்வார்கள். அப்புறம் வாராவாரம் வேண்டியதை எடுத்து ஒட்ட வேண்டியதுதான். ஒட்டுகிறவள் நம் எடிட்டரம்மா.

அன்று வந்தவர்களில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் இருந்தார். "யாருமே பாடலையேம்மா, எதுக்குக் கைதட்டணும்?" என்று எடிட்டரிடம் வெகுளியாகக் கேட்டுவிட்டு, கை சிவக்கத் தட்டினார். மகள் இரண்டாம் சுற்றைத் தாண்டிய வாரம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை.

தயாரிப்பாளர் அசரவில்லை. "அவர் பாட்டுக்குக் கைதட்டிட்டு இருக்கட்டும். ஃபைனல்ல விஷயத்தைச் சொல்லிக்கலாம், ஜனங்க உருகிடுவாங்க" என்றார். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று எடிட்டர் மனசுக்குள் திட்டினாள். திட்டி என்ன செய்ய, சொன்னபடி ஒட்டினாள். வாராவாரம் செத்தவர் கைதட்டினார். ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகும் அவர் கேட்ட கேள்வி காதைவிட்டுப் போகவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட, முதுகுக்குப் பின்னால் நின்று அவர் கேட்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்ப்பாள்.

அரையிறுதி வாரம் மெக்கானிக்கின் மகளே பள்ளிக்கூடப் பையோடு எடிட்டிங் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அக்கா, அப்பா இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்காரு?"

எடிட்டர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். "ஏம்மா அப்படிக் கேக்கறே?"

"அம்மா ஒரு மாதிரி ஆயிட்டாங்க. பக்கத்து வீட்டுல கேட்டா, அவர் ஷூட்டிங் போயிருக்காருன்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை தலைவாரி, புதுத்துணி உடுத்திட்டு டிவி முன்னாடி உட்கார்ந்துடறாங்க. நான் தோத்துட்டா அவர் வரமாட்டாராம். தூங்க விடாம பாட வைக்கறாங்க, தொண்டையே போச்சுக்கா. இந்த வாரம் அப்பாவைப் போடாதீங்க. பார்க்கலைன்னா அம்மாவுக்குப் புரிஞ்சுடும்."

தயாரிப்பாளருக்குத் தெரிந்தால் சீட்டுக் கிழியும். ஆனாலும் எடிட்டருக்கு மனசு கேட்கவில்லை. அவரை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் வேறு யார் யாரையோ ஒட்டி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு டிவியில் பார்த்தாள். கட்டின தொண்டையோடு பெண் பாடினாள். யாரோ ஒரு அத்தை கைதட்டினாள், எந்த வீட்டு மாமாவோ கண்ணைத் துடைத்தார். பெண் ஃபைனலுக்கும் போய்விட்டாள். லிஃப்ட் மெக்கானிக் எங்கேயும் இல்லை. எடிட்டருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. அந்தப் பெண்ணின் நம்பர். "சொல்லுடா கண்ணு" என்றாள்.

பேசியது அவள் அம்மா. "எடிட்டரம்மாங்களா? தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் வரவே இல்லையே. கடைசி வரைக்கும் கண்ணை எடுக்காம பார்த்தேன்."

"ஃபோனைக் குடும்மா, போதும்மா" என்று பின்னால் பெண் கெஞ்சுவது கேட்டது.

"அம்மா, அவர் வந்து..." என்று தொடங்கினாள் எடிட்டர்.

"புரியுதும்மா" என்றாள் அந்த அம்மா நிதானமாக.

அப்பாடா, புரிந்துவிட்டது. எடிட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எலிமினேட் பண்ணிட்டீங்க. போட்டின்னா அப்படித்தான், உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா வெளியே போனவங்களையும் ஓட்டுப் போட்டா திரும்பக் கூட்டிட்டு வருவீங்களே? அவருக்கு எந்த நம்பர்மா? தெருவுல எல்லாரும் போடறேன்னு சொல்லியிருக்காங்க."