ரோஸ்விதா கழற்றிப் போட்ட கம்பளிகள்

குளிரைப் பற்றி ரோஸ்விதாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஹங்கேரி எல்லையை ஒட்டிய புர்கன்லாந்துச் சமவெளியில், ஒரு மரம்கூடக் குறுக்கே நிற்காத வெட்டவெளியில், குளிர்காலம் முழுக்கத் திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்கிறவள் அவள். ஹங்கேரியில் கிளம்புகிற காற்று நேரே இவள் காதுக்குள் வந்துதான் ஓயும். அதனால் கணவன் வீட்டாரோடு முதன்முறையாகப் பனிச்சறுக்கு விடுமுறைக்குப் புறப்பட்டபோது, என்ன உடுத்துவது என்று அவள் ஒருவரையும் கேட்கவில்லை. தோட்டத்துக்கு எதைப் போடுவாளோ அதையே பெட்டியில் அடுக்கினாள். தடித்த பருத்தி உள்பனியன்கள், அவற்றின்மேல் போடக் கம்பளிச் சட்டைகள், அதற்கும் மேலே ஆட்டுத்தோல் அரைக்கோட்டு, பஞ்சு வைத்துத் தைத்த தொளதொளக் கால்சட்டை, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ள முரட்டு சாக்ஸ்.

"இவ்ளோ வேணாம் ரோஸி" என்றான் கணவன் லோரென்ஸ்.

"நீ வருஷத்துல ஒரு வாரம் பனியில நிக்கற. நான் மூணு மாசம் நிக்கறேன். பேசாம காரை எடு."

அவன் பேசாமல் காரை எடுத்தான். டிரோல் மலையில் பிறந்தவன்தான். ஆனால் சமவெளிப் பெண்ணைக் கட்டிக்கொண்டதில் எப்போது வாயை மூட வேண்டும் என்பது நன்றாகப் பழகியிருந்தது.

ஒவ்வொரு பிப்ரவரி விடுமுறைக்கும் லோரென்ஸின் அக்கா சென்ஸியின் மலைக்கிராமத்து வீட்டில் குடும்பம் கூடும். வாரக் கடைசியில் எல்லாரும் கேபிள் காரில் மலை உச்சிக்குப் போய், அங்கிருந்து கிராமம் வரைக்கும் சேர்ந்து சறுக்கி இறங்குவார்கள். லோரென்ஸும் மகள் ஃப்ரீடாவும் தவறாமல் போவார்கள். ரோஸ்விதா மட்டும் கவாத்து வேலையைக் காட்டி வீட்டிலேயே நின்றுவிடுவாள். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. அந்த நாட்டில் சறுக்கத் தெரியாது என்று சொல்வதற்குப் பதில் எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்லிவிடலாம், அவமானம் குறைவு. அதிலும் நாத்தனார் முன்னால்!

இந்த வருடம் அவளைக் கிளப்பியது ஃப்ரீடாவின் ஒரு வார்த்தை. "நான் எப்படிச் சறுக்குவேன்னு உனக்குத் தெரியவே தெரியாதுல்லம்மா?" என்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள் ஒன்பது வயது மகள். குறையாகக்கூடக் கேட்கவில்லை, மணி என்ன என்பது போலக் கேட்டாள். ரோஸ்விதாவுக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளை காற்றாய்ப் பறக்கிறாள் என்று ஊரே சொல்கிறது, பெற்றவள் கண்ணால் கண்டதில்லை. மிச்சமிருந்த கொடி வரிசைகளைத் தம்பி தலையில் கட்டினாள். சனிக்கிழமை உச்சியிலிருந்து ஊர்வரை மகளோடு சேர்ந்து இறங்கியே தீருவது என்று முடிவெடுத்தாள்.

முதல் நாள் காலை, கொண்டுவந்த அத்தனையையும் உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கை இரண்டும் உடம்போடு ஒட்டாமல் விலகியே நின்றன. சென்ஸி வெள்ளை நிறத்தில், உடம்பைப் பிடித்தாற்போன்ற உடையில், இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"யாருடா லோரென்ஸ், வாசல்ல மூட்டைய எறக்கி வெச்சுட்டுப் போனது? ஐயோ, நீயா ரோஸ்விதா! கண்ணு மட்டுந்தான் தெரியுது!"

"கண்ணு தெரிஞ்சா போதும். வழி பாத்துப்பேன்."

வாய்க்கு வாய் பதில் சொன்னாளே தவிர, வழி கிடைக்கவில்லை. கற்றுக்கொள்கிறவர்களுக்கான சரிவில், பொடிசுகளுக்கு நடுவே ஒற்றைப் பெரியவளாக நின்று விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். அந்தப் பஞ்சுக் கால்சட்டைக்குள் முழங்கால் மடங்கவே மறுத்தது. எழுந்திருப்பதற்குள் உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. மேலே இழுத்துப்போகும் கயிற்றுக்கு வரிசையில் நின்றாலோ, அந்த வேர்வை முதுகில் ஈரத்துணி போட்டாற்போலச் சில்லிட்டது. இரட்டை சாக்ஸோடு திணித்த பூட்ஸுக்குள் கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. மதியத்துக்குள் பல் கிட்டித்துப்போய்த் திரும்பினாள்.

மறுநாள் என்ன செய்தாள் என்கிறீர்கள்? இன்னொரு ஸ்வெட்டரைச் சேர்த்துப் போட்டாள். குளிர்ந்தால் கூடப் போடு என்பதுதானே அவள் ஊர்க் கணக்கு. அன்றைக்கு இன்னும் மோசம். மலைக்கடையின் கழிப்பறையில் கதவைத் தாழிட்டு, கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உடுப்பின்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தனக்குத்தான் தெம்பில்லை, தைரியமில்லை, இந்த ஜென்மத்தில் வராது என்று நினைத்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சென்ஸி சனிக்கிழமைக்கு ஏற்பாடு செய்தாள். "ரோஸ்விதா கீழயே இருந்து சூப்புக்கு மேஜை பிடிச்சு வெச்சிடட்டும். நாம எறங்கி வர்றப்ப பசி உயிரெடுக்கும்."

"நல்ல யோசனை" என்றார் சென்ஸியின் கணவர் விகிலி. அவர் கெட்டவர் இல்லை, இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த இரக்கம் கேலியைவிட அதிகமாக வலித்தது. ஃப்ரீடா தட்டைப் பார்த்துக்கொண்டே ரொட்டி உருண்டையைக் கரண்டியால் நசுக்கினாள். ரோஸ்விதா எழுந்து, ஈரத் துணிகளை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள்.

அங்கே கொதிகலன் அறையில்தான் குடும்பத்தின் மொத்தத் துணியும் காயும். யார் என்ன போடுகிறார்கள் என்பதில் அந்த வீட்டில் ஒளிவுமறைவு கிடையாது. ரோஸ்விதா தன்னுடையதைத் தொங்கவிட்டதும் கொடி தொய்ந்தது. கையுறையைக் காயப்போட வந்த சென்ஸி எட்டிப் பார்த்தாள்.

"இது ஒரு ஆளோட துணியா, இல்ல ஒரு கூட்டமே தங்கியிருக்கா? எங்களுக்கும் கொஞ்சம் கொடியில எடம் விடும்மா."

சிரித்தபடி போய்விட்டாள். ரோஸ்விதா கோபத்தில் உள்பனியனை இழுத்துப் பிழிந்தாள். தண்ணீர் ஒழுகியது. அதன்மேல் போட்ட கம்பளியைப் பிழிந்தாள், அதிலும் ஈரம். அரைக்கோட்டின் உள்பக்கம் நசநசவென்றிருந்தது. வெளிப்பக்கத்தைத் தடவினாள். காய்ந்து மொறமொறவென்றிருந்தது.

கையில் பனியனோடு அப்படியே நின்றாள். பனி உள்ளே வரவே இல்லை. இந்தத் தண்ணீரெல்லாம் தன்னுடையது!

தோட்டத்தில் ஒரு கொடியடியில் நின்றால் மணிக்கட்டு மட்டும்தான் அசையும். அங்கே அத்தனையும் போட வேண்டும். இங்கே சரிவில் விழுவதும் எழுவதுமாக மல்யுத்தம் அல்லவா நடக்கிறது. வேர்வையைப் பருத்தி குடித்துக்கொண்டு விடாமல் வைத்திருக்க, குளிரை அவளே கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அடுத்து சாக்ஸைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் நசுங்கி அச்சு விழுந்திருந்தது. ரத்தம் ஓட இடமில்லாத காலுக்குக் கம்பளி என்ன செய்யும்? லோரென்ஸின் சட்டை பக்கத்தில் தொங்கியது. மெல்லிசு, தோலோடு ஒட்டிக்கொள்கிற கம்பளி, அதற்குள் பாதி காய்ந்தும் விட்டது. ரோஸ்விதா தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

காலையில் அவள் மேலுக்குப் போட்டது மூன்றே உருப்படி. தோலோடு ஒட்டி லோரென்ஸின் மெல்லிய கம்பளிச் சட்டை, அதன்மேல் ஒரு லேசான ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல், காருக்குள் கிடந்த பச்சை மழைக்கோட்டு. வசந்தத்தில் கொடிகளுக்கு மருந்தடிக்கும்போது போடுவது, முதுகில் திராட்சைக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் மஞ்சளில் இருக்கும். காலுக்கு லோரென்ஸின் பழைய தண்ணீர் புகாத கால்சட்டை, இடுப்பில் பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டாள். பூட்ஸுக்குள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கென்று கொண்டுவந்த முழங்கால் உயர மெல்லிய காலுறை, ஒரே ஒரு ஜோடி. வாசலில் நின்றபோது லேசாக நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள்.

"இவ்ளோதானா? சாயங்காலம் சளின்னு என்கிட்ட வராதே" என்றான் லோரென்ஸ்.

"ஒங்கக்காகிட்ட போறேன்."

"நேத்து மூட்டை, இன்னிக்கு மருந்தடிக்க வந்த ஆளு" என்றாள் சென்ஸி, தன் பங்குக்கு.

முதல் முறை விழுந்து எழுந்ததிலேயே நடுக்கம் போய்விட்டது. வேர்த்தது, ஆனால் முதுகில் தங்கவில்லை. முழங்கால் மடங்கியது. எல்லாவற்றையும்விட, கால்விரல் உயிரோடு இருந்தது! சறுக்குப் பலகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உள்ளங்கால் சொன்னது, அவள் அதன்படி கேட்டாள். பலகைகளின் நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, இடமாக ஒரு வளைவு, வலமாக ஒரு வளைவு. பொடிசுகள் கைதட்டின. இரண்டு நாளில் பெரிய சரிவுக்கே போய்விட்டாள். அங்கேதான் முதன்முதலாக ஃப்ரீடா சறுக்குவதைப் பார்த்தாள். மேலிருந்து கிளம்பியவள் கண்ணிமைக்கும் நேரத்தில் பனியைச் சீவிக்கொண்டு தாண்டிப் போனாள். அடி என் தங்கமே, இதையா இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்தேன் என்று ரோஸ்விதாவுக்கு நெஞ்சு விம்மியது.

சனிக்கிழமை மேஜை பிடிக்க ஆள் இல்லை. ரோஸ்விதாவும் கேபிள் காரில் ஏறிவிட்டாள்.

"எதுக்கு இந்த வீம்பு?" என்றாள் சென்ஸி.

"வீம்புக்கு இல்ல. எம் பொண்ணோட வர்றேன்."

உச்சியில் வெயில், காற்று. குடும்பம் சரேலென்று இறங்கி ஒவ்வொரு வளைவிலும் நின்று காத்திருந்தது. ரோஸ்விதா சரிவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அகலமாக வளைந்து, நிதானமாக வந்து சேர்ந்தாள். அவசரப்படவில்லை. கேபிள் காரின் நடுவழி நிலையத்துக்கு வந்தபோது சென்ஸி கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பறந்து போகிறவளுக்காகத் தைத்த உடை அது, காத்து நிற்கிறவளுக்காக இல்லை.

"இதுக்குக் கீழ செங்குத்து. நிழல்ல வேற கெடக்கு, கண்ணாடியாட்டம் இறுகியிருக்கும்" என்றாள் சென்ஸி. "நீ கேபிள் கார்ல எறங்கிடு ரோஸ்விதா. ஒனக்காக நின்னு நின்னு எங்களுக்கெல்லாம் வெறைச்சுப் போச்சு."

லோரென்ஸ் வாயைத் திறந்தான். ரோஸ்விதா முந்திக்கொண்டாள்.

"யாருக்கு வெறைச்சுப் போச்சு?"

ஃப்ரீடா இல்லை என்று தலையாட்டினாள். விகிலி பனியைப் பார்த்தார். சென்ஸியின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"அப்போ நீ ஏறிக்க சென்ஸி. எனக்குக் குளிரல."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, யாருக்கும் காத்திராமல் பலகைகளைச் சரிவுக்குத் திருப்பினாள்.

பயமாகத்தான் இருந்தது. நிழலுக்குள் நுழைந்ததும் பலகை கரகரவென்று கத்தியது. ஒரு இடத்தில் வழுக்கி, இடுப்பால் தேய்த்துக்கொண்டே வெகுதூரம் போனாள். மேலேயிருந்து லோரென்ஸ் கூப்பிட்டான். அவள் கோலை ஊன்றித் தானே எழுந்தாள். "அம்மா, எம் பின்னாடியே வா, நான் போன தடத்துல வா!" என்று ஃப்ரீடா முன்னால் போனாள். மகளின் தடத்தில் வளைந்தாள். இன்னொரு வளைவு, இன்னொன்று. திடீரென்று மரங்கள் விலகின, சரிவு தணிந்தது, கிராமத்துக் கூரைகள் தெரிந்தன. ரோஸ்விதா ஓவென்று கத்திக்கொண்டே ஊருக்குள் இறங்கினாள். தோட்டத்தில் அறுவடை முடிந்த அன்றைக்குக்கூட அப்படிக் கத்தியதில்லை. விழாமல், இரண்டு காலில் நின்றாள். ஃப்ரீடா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

சென்ஸி சறுக்கித்தான் வந்தாள், கடைசியாக, மூக்குச் சிவந்து. ரோஸ்விதாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி. வந்துட்ட" என்றாள். மலைக்காரர்கள் வாயிலிருந்து இதற்குமேல் வராது. பதக்கம் குத்தினாற்போலத்தான் அர்த்தம்.

எல்லாரும் குனிந்து பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். சூப் வாசனை வந்தது. ரோஸ்விதா நகர்ந்து நகர்ந்து கேபிள் கார் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"எங்க போற?" என்றான் லோரென்ஸ்.

"மேல. இன்னும் மூடல. வர்றவங்க வாங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஃப்ரீடா வரிசையில் நின்றிருந்தாள். லோரென்ஸ் சிரித்தபடி பலகைகளைத் தோளில் தூக்கிக்கொண்டான். சென்ஸி சூப்புக் கடையைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள்.

"இருங்க, இருங்க. உள்ள ஏதாச்சும் ஒண்ணு போட்டுட்டு வந்துடறேன். கொஞ்சம் நிக்க முடியுமா?"

"மெதுவா வா சென்ஸி" என்றாள் ரோஸ்விதா. "நிக்கறேன்."