கார்த்திகை மழையில் பிள்ளைத்துணி

18.11.1969, செவ்வாய்

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. காய்ந்த துணி ஒன்பது என்று எழுதியிருக்கிறேன். உண்மையில் ஆறுதான். மூன்றைக் கொடியில் கிடந்தபடியே மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ந்ததில் சேர்த்துவிட்டேன். மடிப்புக்குள் ஈரம் இருந்திருக்கிறது. அதில் ஒன்றைத்தான் இன்று காலையில் பிள்ளைக்குச் சுற்றினேன். அவள் அழுதாள். பசி என்று நினைத்துச் சங்கில் பால் எடுக்கப் போனேன். ஆத்தா வந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். அவிழ்த்து மூலையில் எறிந்தாள்.

மாலை வகுப்பில் கணக்குப்பதிவு சொல்லித்தரும் சார், தவறு நேர்ந்தால் அடித்துத் திருத்தக் கூடாது, மறுநாள் தவறு என்றே எழுத வேண்டும் என்பார். அதனால் எழுதுகிறேன். வீட்டு விஷயத்துக்கும் அந்த விதி பொருந்துமா என்று தெரியவில்லை.

அக்காள் பொன்னழகு தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. கோவிலூரிலிருந்து காரைக்குடிக்குக் கொண்டுபோக வண்டி பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. வண்டிக்காரர் வாசலில் நின்று, "திரும்பிப் போகட்டுமா?" என்று என்னைக் கேட்டார். போகச் சொன்னேன். அன்றிலிருந்து நான் அழவில்லை. எல்லாரும் அழுதார்கள்.

பிள்ளை எங்களிடம் இருக்கிறது. மாதம் நிறையாமல் பிறந்ததால் மிகச் சின்ன உடம்பு. பார்க்க வந்த நர்சம்மா, பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுக்கச் சொன்னார். பிறகு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "ஈரத்துல மட்டும் போட்றாதீங்க. நெஞ்சுல சளி கட்டுனா இந்த ஒடம்பு தாங்காது" என்றார். அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஏன் என்று தெரியவில்லை. ஆத்தா அப்போது யார் சொல்வதையும் கேட்கிற நிலையில் இல்லை என்பதாக இருக்கலாம்.

மழை விடவில்லை. பிள்ளை நனைக்கிற வேகத்துக்குத் துணி காய்வதில்லை. ஆத்தா தன் பழைய சேலைகள் இரண்டைக் கிழித்துப் போட்டாள். என் வேட்டி ஒன்றும் போயிற்று. கிழித்த துணிகளில் பாதி எந்நேரமும் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கின்றன.

வீட்டில் துணி இல்லாமல் இல்லை. கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் முப்பத்தாறு துணிகள் இருக்கின்றன. சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து, மடித்து வைத்தவை. நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் முதலாளி வீட்டு ஆச்சி, அந்த வீட்டுப் பெரியவர் கட்டிக் கட்டிப் பஞ்சாகிப்போன வேட்டிகளை ஒரு மூட்டையாகக் கொடுத்தார். பிள்ளை பிறப்பது அடைமழைக் காலம், ஒரு துணி காய மூன்று நாளாவது ஆகும் என்று கணக்குப் பார்த்துப் புரட்டாசியிலேயே வெட்டினேன். வகுப்பில் அப்போது சரக்கு இருப்பு பற்றி நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

பிறக்காத பிள்ளைக்கு ஒரு நூல்கூட எடுத்து வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அக்காளுக்கும் தெரியும். ஆத்தா வயலுக்குப் போன மத்தியானங்களில் இருவரும் உட்கார்ந்து தைத்தோம். இருபது நான் தைத்தது. பதினாறு அவள்.

"ஏண்டா, எம் பிள்ளைக்கு இப்பவே கடை தொறந்துட்டியா? போணி பண்ண அது மொதல்ல வரணும்டா" என்றாள் ஒரு நாள்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து வீட்டைக் கழுவிவிடும்போது ஆத்தா பெட்டியைத் திறந்துவிட்டாள்.

"யாருடா இதச் செஞ்சது?"

"நான்."

"நீ மட்டுமா?"

"நான் மட்டுந்தான்."

"வராத பிள்ளைக்கு எடுத்து வச்ச. அது ஆள எடுத்துக்கிருச்சு" என்றாள். பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "இந்தப் பிள்ளை மேல அது படக் கூடாது."

பொன்னழகு சாவைத் தனக்குத் தானே தேடிக்கொண்டாள் என்று ஆத்தா நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். என்னை நினைத்தால் பரவாயில்லை. ஆனால் அவளும் தைத்தாள் என்று சொல்லியிருந்தால் மகள் கை பட்டதென்று ஆத்தா பெட்டியைத் திறந்திருப்பாளோ என்றும் தோன்றுகிறது. பிள்ளை ஈரத்தில் கிடக்க நான் காரணமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

19.11.1969, புதன்

கடையில் முதலாளியிடம் துண்டுத்துணி கேட்டேன். மெல்லிய மல் துணியில் நல்ல துண்டுகளாகவே கொடுத்தார். புதுத்துணி. மில் கஞ்சி விறைப்பாக நின்றது. கடை இருக்கிற செக்காலையிலிருந்து சைக்கிளில் வரும்போது அதிலும் பாதி நனைந்தது. கஞ்சி போக இரண்டு முறை அலசினேன். இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது, அதோடு இப்போது ஈரமாகவும் இருக்கிறது. கொடியில் இடம் அடைத்ததுதான் மிச்சம். ஆச்சியிடம் போய் இன்னொரு முறை பழைய வேட்டி கேட்கலாம். முதலில் கொடுத்த மூட்டை என்ன ஆயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது?

சாயங்காலம் சின்னாத்தா அக்கம்மாள் வந்தாள். ஆத்தாவின் தங்கை, அடுத்த தெரு. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தவள் முகத்தில் ஒரு துணி மோதியது.

"இதென்னடா வீடா, வண்ணாந்துறையா? தலைய நிமித்த எடமில்ல. ஒம் மருமக மூத்திரம் எம் மூஞ்சில விழுகுது."

"அது தொவச்சது சின்னாத்தா."

"தொவச்ச லட்சணம் இங்குட்டு வரைக்கும் நாறுது. கல்லுல அடிக்கணும்டா. கணக்குப்பிள்ளை மாதிரி தடவிக் குடுத்தா அழுக்குப் போயிருமா?"

அவள் கொண்டுவந்திருந்த பழைய பாவாடைத் துண்டுகள் இரண்டை வாங்கி வைத்தேன். பிறகு அவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் தணல் சட்டி வைத்து, மேலே துணியைப் பரப்பிக் காயவைக்கக் கற்றுக்கொடுத்தாள். நான்கு துணி காய்ந்தது. ஐந்தாவதைப் பார்க்க மறந்து நடுவில் கருகிவிட்டது. புகையில் பிள்ளை இருமினாள். அது முதல் இருமல்.

சின்னாத்தா இருமலைக் கேட்டு ஆத்தா பக்கம் திரும்பினாள்.

"ஏக்கா, பெட்டி நெறையத் துணிய வச்சுக்கிட்டு நீ பண்றது ஒனக்கே நல்லாருக்கா?"

"நீ கம்முனு இரு."

"நான் கம்முனு இருந்துருவேன். அது இருக்குமா? இருமுதுல்ல."

ஆத்தா கருகிய துணியை எடுத்து மடித்தாள்.

"நானுந்தான் எதையும் எடுத்து வைக்கல" என்றாள் சின்னாத்தா. "மூணு பெத்தேன். ரெண்டு போயிருச்சு. அதுக்கு யார் துணி வெட்டுனா?"

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை எப்போது விடும் என்று கேட்கிற மாதிரி சொன்னாள். ஆத்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சின்னாத்தா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

20.11.1969, வியாழன்

மச்சான் ஊரில் அக்காளுக்குக் கருமாதி. நான் போய்வந்தேன். பிள்ளையை விட்டு வர முடியாததால் ஆத்தா வரவில்லை. நிறையப் பேர் வந்திருந்தார்கள். சாப்பிட்டேன். எதைச் சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

21.11.1969, வெள்ளி

வகுப்புக்குப் போனேன். போக வேண்டுமா என்று செக்காலை வரும்வரை யோசித்துக்கொண்டே போனேன். சார் கொடுத்த கணக்கில் இறுதி இருப்பை ஆரம்ப இருப்பு இருக்க வேண்டிய இடத்தில் எழுதிவிட்டேன். அவர் கவனித்தார், அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியும்.

பிள்ளைக்குத் தொடை இடுக்கில் தோல் சிவந்து உரிந்திருக்கிறது. இருமல் கூடியிருக்கிறது. பால் குடிக்கும்போது நடுவில் மூச்சுவிட நிறுத்துகிறாள். நர்சம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே. காஞ்ச துணி போடுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆத்தாவுக்குத் தெரியாமல் பெட்டியிலிருந்து நான்கு துணிகளை எடுத்து மற்றதோடு கலந்துவிடலாமா என்று நினைத்தேன். ஓரம் அடித்திருப்பதால் பார்த்ததும் தெரிந்துவிடும். கட்டிலுக்கு அருகில் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். மீண்டும் போனேன். எடுக்கவில்லை.

22.11.1969, சனி

பிற்பகல் சேவுகன் மச்சான் வந்தார். பிள்ளையின் தகப்பனார். மொட்டைத் தலையில் கருமாதிக்குக் கட்டிய புதுத் துண்டைச் சுற்றியிருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"வாங்க மாப்பிள்ள" என்றாள் ஆத்தா. "நனஞ்சா வந்தீக?"

"பரவால்ல அயித்த." பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "இது பிள்ளைக்கு... அது திங்காதுல்ல. கடையில நின்னேன், வாங்கிட்டேன்."

நான் வாங்கி வைத்தேன். அவர் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தார். தொடவில்லை. பிள்ளை விழித்துக்கொண்டுதான் இருந்தாள். இருமினாள்.

"இது எப்பலேருந்து?"

"மூணு நாளா" என்றேன். "ஈரம் ஒத்துக்கலன்னு நர்சம்மா சொல்றாக மச்சான்."

அப்போதுதான் பிள்ளை நனைத்தாள். ஆத்தா அவிழ்த்துவிட்டு எட்டிக் கொடியில் தடவினாள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். கூடை மேல் கிடந்ததையும் தொட்டாள். எல்லாம் ஈரம். பிள்ளை ஆத்தாவின் மடியில் வெற்றுடம்பாகக் கிடந்தாள். கால்கள் நீலம் பூத்திருந்தன.

மச்சான் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தார்.

"இந்தாங்க அயித்த. உள்பக்கம் நனையல. இதச் சுத்துங்க."

"வேணாம் மாப்பிள்ள. அது கருமாதித் துண்டு. ஆகாது."

"அப்ப அந்தப் பெட்டி எங்க?"

நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேரும் தச்சு வச்சிருக்கோம்னு சொன்னாளே. நான் போன மாசம் பாக்க வந்தப்ப. எந்தம்பி அளவெடுத்து வெட்டுறான், நான் தச்சா கோணலா வருதுன்னு வையுறான்னு சொல்லிச் சிரிச்சா."

ஆத்தா என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. பிள்ளையின் கால்களை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள். மச்சானுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரியவில்லை. மாறி மாறி எங்களைப் பார்த்தார்.

"எது அவ தச்சது?" என்றாள் ஆத்தா.

பெட்டியை இழுத்துத் திறந்தேன். உள்ளே எல்லாம் காய்ந்திருந்தது. நான் மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். ஆத்தா ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தாள்.

"இது நீ."

அடுத்தது.

"இதும் நீ."

மூன்றாவது, வெள்ளை நூல் தீர்ந்த பிறகு அக்காள் கறுப்பு நூலில் தைத்தது. ஓட்டுத் தையல் பெரிது பெரிதாக, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிப் போயிருந்தது. ஆத்தா அந்தத் தையல் மேல் விரலைக் கடைசி வரை ஓட்டினாள். பிறகு துணியை மூலைக்கு மூலை மடித்துப் பிள்ளைக்குச் சுற்றினாள். இன்னொன்றை நெஞ்சு மேல் போட்டாள். இன்னொன்றை எடுத்துத் தலையைச் சுற்றினாள். மூன்றுமே கறுப்பு நூல்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தேன். சூடு வந்திருந்தது. இருமல் இருக்கிறது.

மச்சான் ஒரு பழத்தை உரித்து, தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?" என்றாள் ஆத்தா. கோபமா என்று குரலிலிருந்து தெரியவில்லை.

வெளியே எடுத்த துணிகளை மீண்டும் பெட்டிக்குள் அடுக்கினேன். பொன்னழகைப் பற்றி ஆத்தா இனி என்ன நினைப்பாள் என்பதும் எனக்குத் தெரியாது. அவள் அதைச் சொல்லமாட்டாள்.

மச்சான் கிளம்பும்போது ஆத்தா நான் தைத்த துணி ஒன்றை எடுத்து விரலால் மீண்டும் நெருடினாள். "நீ தச்சது ஓரம் தடியா இருக்கு. பிள்ளைத் தொடையில கோடு விழுகும். பிரிச்சுட்டுக் கொண்டா."

நான் இரண்டு மடிப்பாக மடித்து அடித்திருக்கிறேன். பிசிறு வரக் கூடாது என்று. அக்காளுக்கும் நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். அவள் தைத்த ஓரமும் அதே அளவு தடிதான். அதை நான் சொல்லவில்லை.

நாளை ஞாயிறு. கடை இல்லை. என் இருபது துணிகளின் ஓரத் தையலையும் பிளேடால் பிரிக்க வேண்டும். நூல் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பத்துத் துணியை அப்படியே கட்டக் கொடுத்துவிட்டு, மீதியைப் பெட்டி வாடை போக வெந்நீரில் அலசி அடுப்படிக் கொடியில் போட வேண்டும்.