வேட்டு மருந்து

முறத்தில் கறுப்பாய்ப் பரந்து கிடக்கிறது மருந்து, என் வீட்டுக்காரர் அதை வாசல் வெயிலில் உலர்த்திக்கொண்டிருக்கிறார், வலது கையின் ஐந்து விரல்களையும் விரித்து மெல்லக் கோதிவிடுகிறார், ஐந்து கோடுகள் விழுகின்றன, விழுந்த வேகத்தில் ஓரத்துத் துகள் சரிந்து கோடுகள் தூர்ந்துபோகின்றன, மறுபடி கோதுகிறார், அடுப்படியிலேருந்து அப்படியே வராத, சேலையில ஒரு பொறி ஒட்டியிருந்தாலும் போச்சு என்று சிரிக்கிறார், நான் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், எண்ணி எண்ணிப் பார்க்கிறேன், ஐந்தும் இருக்கின்றன, பிறகு பஸ் குலுங்குகிறது, வளைவில் என் தலை ஜன்னல் கம்பியில் இடிக்கிறது, பக்கத்தில் கொழுந்தன் பூசாலி, அண்ணி, தூங்கிட்டீங்களா, ஊரு வந்துடுச்சு என்கிறான்.

மலையை விட்டு இறங்கி வந்தது பூசாலியின் துப்பாக்கிக்கு மருந்து வாங்கத்தான், லைசென்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கி, குழல் வாய் வழியாக மருந்தை இட்டுக் கம்பியால் குத்தி இறுக்குகிற பழைய ரகம், மருந்து இல்லாமல் மூலையில் சாய்ந்து கிடக்கிறது, காட்டில் மரவள்ளி முற்றி நிற்கிறது, அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்கும் இந்த வருஷத்துச் சோறு அதுதான், பன்றிகள் மூக்கால் உழுதுகொண்டே வருகின்றன, வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால் போதும், நாலு நாள் அந்தப் பக்கம் தலைகாட்டாது, அந்த ஒரு வெடிக்குத்தான் இத்தனை அலைச்சல், துப்பாக்கிக் கடைக்காரர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார், அதெல்லாம் இப்ப யாரு கேக்கறாங்க, ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும், மாசக்கணக்கில ஆகும் என்றார், விலையையும் சொன்னார், பூசாலி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான், பன்னி மாசக்கணக்கில காத்திருக்குமாங்க என்று நான் கேட்டேன், அதை நீங்க பன்னிகிட்டத்தான் கேக்கணும் என்று சிரித்தார், அந்தச் சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பயிரைக் காப்பாத்திக்க என்று லைசென்ஸ் கொடுப்பார்களாம், தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்களாம், மருந்து மட்டும் எங்கேயும் கிடைக்காதாம், இது என்ன நியாயம், யாரைப் போய்க் கேட்பது.

தெருவுக்கு வந்ததும் பூசாலி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், வேற வழியில்ல அண்ணி, வேட்டுக்கடை துரைராசுகிட்டப் போலாம், பாதி விலைக்குக் குடுப்பாரு, எந்தத் துரைராசு என்று நான் கேட்கவில்லை, தெரியும், என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தவன்தான், அன்றைக்கும் இதே கடை கையை விரித்து, இதே தெருவில் நின்று, இதே யோசனை, துரைராசு கோயில் திருவிழாவுக்கு அதிர்வேட்டு கட்டுகிறவன், ரெண்டும் ஒரே சரக்குதான், வேட்டுல போட்டா வேட்டு, துப்பாக்கியில போட்டா துப்பாக்கி மருந்து என்று சொல்லித்தான் அவர் கையில் கொடுத்தான், எங்கள் மலையில் மருந்துக்குக் கரண்டி கிடையாது, தராசு கிடையாது, உள்ளங்கையைக் குழித்து அந்தக் குழி நிறைய எடுப்பதுதான் அளவு, அவர் அப்பாவும் அப்படித்தான் எடுத்தார், துப்பாக்கி மருந்துக்கு அது சரி, வேட்டு மருந்து ஒரே மூச்சில் வெடிக்கிற சாதி, அதையும் இவர் அதே உள்ளங்கையால்தான் அள்ளினார், காட்டிலிருந்து சத்தம் வருகிறது, எப்போதும் வருகிற சத்தம் இல்லை, ஓடுகிறேன், இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன், குழல் மூங்கில் மாதிரி பிளந்து கிடக்கிறது, மூன்று விரல்கள் இல்லை, அவர் அதைப் பார்க்காமல் பன்னி ஓடிடுச்சா என்று கேட்கிறார்.

ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தான் துரைராசு, கட்டிலோரம் நின்று, அளவு தெரியாமக் கொட்டிட்டாரும்மா, மருந்து மேல தப்பில்ல என்றான், ஊரும் அதையே பிடித்துக்கொண்டது, அளவு தெரியாதவன், அளவு தெரியாதவன், அவரும் கடைசியில் ஆமாம் என்று தலையாட்ட ஆரம்பித்துவிட்டார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள முடியாமல் என் முன்னால் வந்து நிற்கும்போதெல்லாம் அந்தச் சாத்துக்குடி வாசம்தான் வருகிறது.

துரைராசின் கொட்டகை ஊருக்கு வெளியே இருந்தது, வாசலில் முறம், முறத்தில் கறுப்பாய் மருந்து, வெயில், நான் ஒரு கணம் எங்கள் வாசலில்தான் நிற்கிறேன் என்று நினைத்தேன், வாம்மா, வா பூசாலி, அண்ணன் எப்படி இருக்காரு என்றான், பூசாலி தலையைச் சொறிந்துகொண்டு வந்த விஷயத்தைச் சொன்னான், அதுக்கென்ன, உனக்கு இல்லாததா, இதையே அள்ளிக்க, அண்ணன் மாதிரி அளவு தப்பிடாத, அவ்வளவுதான் என்றான், பூசாலி குனிந்தான், வலது உள்ளங்கையைக் குழித்தான், அண்ணன் குழித்த அதே மாதிரி, அதே குழி, அண்ணே, ஒண்ணு கேக்கறேன் என்றேன் நான், கேளும்மா என்றான், உங்க மவன் இந்த மருந்தைத் துப்பாக்கியில போட்டுச் சுடட்டும், நீங்க பக்கத்துல நிப்பீங்களா, துரைராசு சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை, என்னம்மா விளையாட்டு இது என்றான், நிப்பீங்களா மாட்டீங்களா, அதை மட்டும் சொல்லுங்க, அவன் முறத்தைப் பார்த்தான், பூசாலியைப் பார்த்தான், அது வந்து, எம்மவன் எதுக்கும்மா துப்பாக்கியைத் தொடப்போறான் என்று முனகினான், தெரிந்திருக்கிறது, அன்றைக்கே தெரிந்திருக்கிறது, தெரிந்தேதான் சாத்துக்குடியோடு வந்து நின்றிருக்கிறான் பாவி.

வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி முறத்தில் கவிழ்த்தேன், ஐயோ, திருவிழா சரக்குடீ என்று துரைராசு அலறினான், ஆஸ்பத்திரியில நீ உண்மையைச் சொல்லியிருந்தா இதுக்கு வேலையே இல்ல என்றேன், அண்ணி, என்ன பண்றீங்க, காட்டைப் பன்னிக்கு எழுதிக் குடுத்துடலாமா என்று பூசாலி கத்தினான், குடுத்துடலாம், போவட்டும், கிழங்கு மறுபடி முளைக்கும்டா என்று நானும் கத்தினேன், விரல்களை விரித்து அந்தக் கறுப்புச் சேற்றில் இழுத்தேன், ஐந்து கோடுகள் விழுந்தன, இந்த முறை தூர்ந்துபோகவில்லை, பூசாலி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான், அவன் வலது கையை வெடுக்கென்று பிடித்து இழுத்து என் கோடுகளுக்குப் பக்கத்தில் அழுத்தி எடுத்தேன், ஐந்து விரலும் பதிந்திருந்தன, எண்ணுடா என்றேன்.