ஒரு சாண் நூல்

என் மாமியார் தில்லையம்மாளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால், அவள் வைக்கிற வத்தக்குழம்பு நன்றாக இருக்கும் என்பேன். அதற்கு மேல் என் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியாது.

மெட்ராஸ் ஸ்டேட் தமிழ்நாடு என்று பேர் மாறிய அந்தத் தை மாசத்தில்தான் எனக்குக் கல்யாணம். வாலாஜாபாத்திலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு வந்தேன். வீட்டின் முன்கட்டில் தறி, பின்கட்டில் அடுப்படி, இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் அறை. அதுதான் புருஷன் பெண்சாதிக்கு என்றார்கள். அறைக்கு வாசல் இருந்தது, கதவு இல்லை. ஒரு பழைய புடவையை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கதவு எங்கே என்று நான் வந்த அன்றே கேட்டேன். இந்த வீட்டில் உள்வாசல் எதற்கும் கதவு வைத்த வழக்கமில்லை, நாங்கள் என்ன திருடர்களா என்று மாமியார் திருப்பிக் கேட்டாள். ஆரம்பமே அப்படித்தான்.

வழக்கமில்லை என்பது பொய். காரணம் அறைக்குள்ளே இருந்தது. அவள் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த பலாமரப் பெட்டி. எந்தப் பக்கம் திருப்பினாலும் மூன்று அடிக்குக் குறையாது. மூலைக்கு மூலை பித்தளைப் பூண். முதலாளி நெய்யக் கொடுக்கிற பட்டும் சரிகையும் அதற்குள்தான் பூட்டி வைத்திருப்பாள், சாவி அவள் இடுப்பில். சரிகை எடுக்க வேண்டும் என்று எந்த நேரமும் வருவாள். குரல் கொடுக்க மாட்டாள், ஒரு செருமல்கூடச் செரும மாட்டாள். நான் புடவை மாற்றும்போது வருவாள். நானும் அவரும் இரண்டு வார்த்தை பேசலாம் என்று உட்கார்ந்தால் வருவாள். வந்து பெட்டியைத் திறந்து, ஒன்றையும் எடுக்காமல் மூடிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். புதுசாகக் கல்யாணமானவளுக்கு அது எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். உடம்பெல்லாம் எரிந்தது.

அவளுக்கு என்மேல் ஆத்திரம் வரவும் ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உடலையும் கரையையும் சேர்த்து நெய்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். மாமனார் போன பிறகு மகன் பக்கத்தில் உட்கார்ந்து கரை இழை ஓட்டுகிற நாடாவைத் தள்ளியவள் அவள்தான். நான் வந்ததும் அந்த இடம் எனக்கு வந்தது. என் கை வேகம், அவருக்கும் அதுதான் வசதி. தறியில் நான், அடுப்படியில் அவள் என்று ஆயிற்று. இடத்தை நான் கேட்டு வாங்கவில்லை. இருந்தாலும் அவள் வயிறு எரிந்ததை நான் பார்த்தேன், பார்த்துச் சந்தோஷப்படவும் செய்தேன்.

ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது, எனக்குச் சீர் செனத்தி எதுவும் வேண்டாம், கதவு ஒன்று வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் நமச்சிவாயம் வாலாஜாபாத்தில் மரவாடியில் வேலை செய்பவன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நிலையோடு சேர்த்தே செய்து தருகிறேன் என்றான்.

ஆவணியில் அளவெடுக்க வந்தான். அந்த நேரம் பார்த்து நான் தறிக்குழியில் இருந்தேன். கோர்வை வாங்கும்போது பாதியில் எழுந்தால் கரை பிசகிவிடும். அண்ணன் பையிலிருந்து டேப்பை எடுத்தான். அதற்குள் மாமியார் எழுந்து வந்தாள்.

"நெசவுக்காரன் வூட்ல நூலைவிட உன் தகர டேப்பு ஒசத்தியாப்பா? நீ குந்து. நீயும் எழுந்திருக்காதமா, நான் அளந்து தரேன்" என்றாள்.

என்னை அவள் 'மா' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அரக்கு நிறத்தில் முறுக்கின பட்டு நூலை எடுத்துக்கொண்டு போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று வாசலில் பிடித்தாள். இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு அண்ணன் கையில் கொடுத்தாள். பெரியவள் கொடுக்கிறாளே என்று மரியாதைக்கு வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பையில் வைத்துக்கொண்டான் அந்த அப்பாவி.

ஐப்பசியில் கதவு மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. தேக்கு, மினுமினு என்று இருந்தது. நாலு வீட்டுப் பெண்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தால், ஒரு பக்கம் ஒரு சாண் இடைவெளி. ஒரு சாண் என்றால் நன்றாக ஒரு சாண். பூனை இல்லை, ஆடு புகுந்து போகும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. பையிலிருந்த நூலை எடுத்து நிலையில் வைத்துப் பார்த்தான். மயிரிழை பிசகாமல் சரியாக இருந்தது.

பட்டு நூல் என்றால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், இதுகூடவா தெரியாது என்றாள் மாமியார். சுருங்கலாம். நானும் நெசவுக்காரி மகள்தான். ஒரு சாண் சுருங்குகிற பட்டை இன்னும் எந்தப் புழுவும் கக்கவில்லை.

அப்போதுதான் அவள் குனிந்து ஏதோ எடுத்தாள், இடுப்புச் சாவி வெளியே வந்து ஆடியது. அந்தச் சாவியை எத்தனையோ காலமாக ஓர் அழுக்கு வெள்ளைக் கயிற்றில் கட்டியிருப்பாள். இப்போது புதுசாக அரக்கு நிறப் பட்டு நூல். எங்கள் தெருவில் பட்டு நூலைத் தூக்கிப் போடுகிற ஆள் கிடையாது. காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். எவ்வளவு கெட்ட புத்தி இருந்தாலும், வெட்டியெடுத்த அந்த ஒரு சாணைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை.

"அத்தே, சாவிக்கு ஏது புது நூலு?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"இருந்திச்சு, கட்னேன்" என்றாள். முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்தது போலக்கூட அசைவில்லை.

அண்ணனுக்கும் புரிந்துவிட்டது. திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன், வேறு செய்து தருகிறேன் என்று மெதுவாகச் சொன்னான். அவள் எதிர்பார்த்ததும் அதுதான். போகிற கதவு திரும்பி வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாயில் வெற்றிலை இருப்பவரைப் போலவே எப்போதும் இருப்பார், ஆனால் வெற்றிலை போடுகிற பழக்கம் கிடையாது. கதவு எங்கேயும் போகாது என்றேன். வாசலுக்குக் கதவு சரியில்லை என்றால், கதவுக்கு வாசலைச் சரி பண்ணுங்கள் என்றேன்.

வாசல் குறுகினால் வம்சம் குறுகும் என்று மாமியார் கத்தினாள். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். நான் சொல்கிறேன், அது போதாதா என்றாள். போதாது என்றேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, எந்தக் குடமானாலும் அன்றைக்கு உடைக்கிறது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

கூரத்திலிருந்து முனிசாமி என்ற கொத்தனாரை அண்ணன் கூட்டி வந்தான். முனிசாமி வாசலைப் பார்த்தார், உள்ளே பெட்டியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"பொட்டி உள்ள இருக்குதேமா. வாசல் குறுகிட்டா இது வெளிய வராது. இப்பவே தூக்கி அந்தாண்ட வச்சுக்கினா நல்லது" என்று மாமியாரிடமே சொன்னார்.

நானும் சொன்னேன். அவளுக்காகச் சொல்லவில்லை, அந்தப் பெட்டி தொலைந்தால் போதும் என்றுதான் சொன்னேன். முன்கட்டில் தறிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆள் வைத்துத் தூக்கித் தருகிறோம் என்றேன். கேட்டால்தானே.

"எம்பொட்டி அங்கதான் இருக்கும். நானும் அங்கதான் வருவேன். சொவுரு வச்சாலும் வருவேன், கதவு வச்சாலும் வருவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டிமேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முனிசாமி வேலையைப் பார்த்தார். ஒரு பக்கத்துச் சுவரில் பூச்சைக் கொத்தி எடுத்தார். பழைய செங்கலில் ஒன்று விட்டு ஒன்று பிடுங்கி, புதுச் செங்கலின் முனை அந்தப் பொந்துக்குள் போய்க் கவ்விக்கொள்கிற மாதிரி கட்டினார். அப்படிக் கவ்வாவிட்டால் கதவை நாலு தரம் அறைந்து சாத்தினதும் புதுச்சுவர் தனியாகப் பிரிந்துவிடுமாம். நல்லா கவ்வட்டும், இந்தக் கதவு நிறைய அறை வாங்கும் என்று நான் சொன்னேன். நிலையை நிறுத்தித் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, இடுக்கெல்லாம் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தார். அத்தனை நேரமும் மாமியார் உள்ளே புழுதியில் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. அன்றைக்குச் சமையல் நான்தான்.

சுவர் காய்ந்ததும் கதவு மாட்டினோம். நிலைக்கு மஞ்சள் குங்குமம் நானே வைத்தேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு குளிர்கிறது. ஒரு பெண்பிள்ளை புடவை மாற்ற நாலு பக்கமும் அடைத்த இடம் கிடைப்பது பெரிய சொத்து.

மறுநாள் குளித்துவிட்டு வந்து தாழ் போட்டுக்கொண்டு தலை பின்னிக்கொண்டிருந்தேன். கதவு தள்ளப்பட்டது. மறுபடி தள்ளப்பட்டது. அப்புறம் தட்டுகிற சத்தம்.

"யாரது?" என்றேன்.

மறுபடி தட்டினாள். மறுபடி கேட்டேன்.

"தில்லையம்மா."

"எந்தத் தில்லையம்மா?"

தறி ஓடுகிற சத்தம் நின்றிருந்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"உன் மாமியா. சரிகை எடுக்கணும்" என்றாள்.

பின்னி முடித்து, நுனியில் குஞ்சலம் வைத்து, பூ வைத்துக்கொண்டு, அப்புறம்தான் திறந்தேன். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு நிஜமாகவே சரிகை எடுத்தாள். அதற்கப்புறம் அவள் வரும்போதெல்லாம் தட்ட வேண்டியிருந்தது, நானும் ஒவ்வொரு தரமும் யாரது என்று கேட்டேன். நூலை வெட்டாமல் இருந்தால் கதவு அகலமாக வந்திருக்கும், பெட்டியும் ஒரு நாள் வெளியே வந்திருக்கும். அவள் கத்தரித்த ஒரு சாண் அவள் பெட்டியையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்று தறியில் உட்கார்ந்து சத்தமாகவே சொல்லிக்கொள்வேன்.

கார்த்திகையில் ஒரு நாள் நான் குமரக்கோட்டம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால், வீட்டுக்குள்ளே கோடாலிச் சத்தம். வீரபத்திரன் ஆசாரி அறைக்குள் அந்தப் பலாமரப் பெட்டியைப் பிளந்துகொண்டிருந்தார். மூடி தனியாக, பக்கங்கள் தனியாக, அடிப்பலகை தனியாகக் கிடந்தன. மாமியார் வாசலில் நின்று ஒவ்வொரு பலகையாக வாங்கிக் குறுக்கிய வாசல் வழியாக வெளியே கடத்தினாள். தாய் வீட்டுப் பெட்டி. எதிரிக்குச் சகுனத்தடை என்று மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டுமோ என்னவோ, வரவில்லை. தொலைந்தது சனியன் என்று ஆசாரிக்கு என் கையாலேயே காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பலகையெல்லாம் அவர் பட்டறைக்குப் போயிற்று. பட்டும் சரிகையும் அடுப்படிப் பரணுக்கு மாறிற்று. அடுத்த வாரம் ஆசாரி மறுபடி வந்தார். அடுப்படி வாசலுக்கு ஒரு கதவு கொண்டுவந்தார். பலாமரம், மூலைக்கு மூலை அதே பித்தளைப் பூண். வாசலில் வைத்ததும் அப்படியே உட்கார்ந்தது, செங்கல் வேலை எதுவும் தேவைப்படவில்லை. அவரையே நேரில் வரவழைத்து அடிக்கோலால் அளக்கச் சொல்லியிருந்தாள். இந்த வீட்டில் உள்வாசலுக்குக் கதவு வைக்கிற வழக்கமில்லை என்றீர்களே என்று கேட்டேன். இப்போது வந்துவிட்டதே என்றாள். என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அம்மா பெட்டி, அம்மா கதவு, நான் என்ன சொல்வது என்றார். பேசாத மனுஷன் பேசியது அதுதான்.

அன்று மத்தியானம் தறியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வத்தக்குழம்பு கொதிக்கிற வாசனை முன்கட்டு வரை வந்தது. காலையில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"சம்பந்தம், சாப்ட வாப்பா" என்று மகனைக் கூப்பிட்டாள்.

அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. இலை போடுகிற சத்தம், தண்ணீர் தெளிக்கிற சத்தம், அப்பளம் நொறுங்குகிற சத்தம் எல்லாம் கேட்டது. என்னைக் கூப்பிடுவாள் என்று உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. அவர் பின்வாசல் வழியாகக் கை கழுவப் போனார். உள்ளே இன்னொரு இலை விரிகிற சத்தம் கேட்டது. வயிறு கேட்குமா? எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரது?"

"வடிவாம்பா."

"எந்த வடிவாம்பா?"

கொல்லையில் அவர் வாய் கொப்பளிப்பது கேட்டது. வேறு யாரும் எனக்காகப் பதில் சொல்லப்போவதில்லை.

"உங்க மருமவ. சோறு வேணும்" என்றேன்.

அவள் சாப்பிட்டு முடித்து, இலையை எடுத்துப் போட்டு, கை கழுவித் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் தாழ்ப்பாளை எடுத்தாள்.