எட்டு எழுத்துக்கான இடம்

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து வந்தது. திருப்பனந்தாள் போகிற சாலையில், மூடிக் கிடக்கும் ரைஸ்மில்லின் சுவர். 'உங்கள் வேட்பாளர்' என்று நீலத்தில் எழுதியிருந்தது; பக்கத்தில் வெறும் வெள்ளை. எழுதியவன் பாதியில் சாப்பிடப் போய்விட்டான் என்று பஸ்ஸில் போகிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'ஆற்றில் தண்ணீர் வந்த அன்று வைத்தியலிங்கம்'

வேண்டாம். தண்ணீர் வந்தால் கதையில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள்.

'ஓர் ஊரில், ஒரே கட்சியில், இரண்டு பேர்.' இது பரவாயில்லை.

வைத்தியலிங்கத்தின் மனைவிக்கு வானதி என்று பெயர் வைத்திருக்கிறேன். என் பெயர் அதுவல்ல. இரண்டு பேரில் மற்றவர் ராஜராஜன்; அதுவும் மாற்றிய பெயர்தான். எழுத்து மட்டும் அதே ஐந்து. இறந்தவர் பெயரை மாற்றவில்லை. மாற்றினால் சுவரின் அளவு ஒத்துவராது.

2

வைத்தியலிங்கமும் ராஜராஜனும் ஒரே வாய்க்காலில் பாயும் நிலத்துக்காரர்கள். ஒரே கம்பத்தில் கொடி ஏற்றியவர்கள். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலுக்கு இருவருமே கட்சியில் சீட் கேட்டார்கள். அன்றிலிருந்து ஒருவர் நிற்கும் டீக்கடையில் மற்றவர் நிற்பதில்லை. கல்யாண வீட்டில் ஒருவர் மொய் எழுதிவிட்டுப் போனபிறகுதான் மற்றவர் வாசலில் செருப்பைக் கழற்றுவார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேர்தலுக்கு முன் யார் முதலில் வெள்ளையடிக்கிறாரோ, சுவர் அவருடையது. அவரைக் கேட்காமல் சொந்தக் கட்சிக்காரர்கூட அதில் பிரஷ் வைக்கமாட்டார். அதனால் சீட் யாருக்கென்று தெரிவதற்கு முன்பே இருவரும் சுவர் பிடித்தார்கள். எழுத ஊரில் இருந்தது ஒரே பெயின்டர், சைபுல்லா. இருவருக்கும் ஒரே நீலம், ஒரே வாசகம். சீட் வராமல் பெயர் எழுதினால் மேலே புகார் போகும் என்பதால் பெயருக்கு மட்டும் இடம் விட்டான்.

"எது யாரு செவுருன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று வானதி கேட்டாள்.

"எடத்தப் பாத்தா தெரியாதாக்கா? அண்ணனுக்கு எட்டு எழுத்து, அவருக்கு அஞ்சு. அண்ணனால வெள்ளையே கூட ஆவுது."

"பேரச் சுருக்கிக்கச் சொல்லு ஒங்க அண்ணன."

"சொன்னேன். எங்கப்பா வச்ச பேர ஒன் பெயின்டு டப்பாவுக்காகச் சுருக்கவான்னு கேக்குறாரு."

[இதைக் கேட்டு வைத்தியலிங்கம் உள்ளேயிருந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுதிப் பார்த்தேன். வரவில்லை.]

3

ராஜராஜனைக் கெட்டவராக எழுத முயன்றேன். ('அவர் கண்களில் வஞ்சம்' என்று ஒரு வரி. அடித்துவிட்டேன், அவருக்குக் கண்புரை.)

தஞ்சாவூரில் சீட்டுக்கான நேர்காணல். 'சீட் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?' என்று உள்ளே கேட்பார்கள். 'கிடைத்தவருக்காகப் பாடுபடுவேன்' என்று எல்லோரும் சொல்வார்கள். வைத்தியலிங்கமும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். சரிந்தார்.

தாங்கிப் பிடித்தது ராஜராஜன்தான். உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வைத்தியலிங்கத்தோடு ஆம்புலன்ஸில் ஏறிவிட்டார்.

நேர்காணலுக்கே போகாதவருக்கு சீட் வந்தது. சீட் கேட்டவர்களில் வேறு ஆள் உயிரோடு இல்லை. இதை வெற்றி என்று எழுதுவதா என்று

4

கருமாதி முடிந்த மறுநாள் ராஜராஜன் வந்தார். சைபுல்லா தெருவில் வண்டியைவிட்டு இறங்காமல் பெயின்ட் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உக்காருங்கண்ணே," என்றாள் வானதி.

"உக்காந்தா எனக்குக் கேக்க வராதும்மா." என்றாலும் உட்கார்ந்தார். "அவன் புடிச்ச செவுரு விஷயமா வந்தேன். நீ வேணான்னா இப்பவே போயிடுறேன். ஆனா எதிர்க்கட்சிக்காரன் ஒன்னக் கேக்கமாட்டான். மேல வெள்ளையடிச்சிட்டுப் போயிடுவான்."

"ஒங்க பேரு அதுல நெறயாதே."

"தள்ளித் தள்ளி எழுதலாங்கிறான்."

அவள் டீயை எதிரே வைத்தாள். "அவரு இருந்து, ஒங்களுக்கு சீட் வந்திருந்தா, குடுத்திருப்பாரா?"

ராஜராஜன் யோசித்தார். "ஒரு வாரம் இழுத்தடிச்சிருப்பான். டீக்கடையில நாலு பேரு முன்னால என்னக் கெஞ்ச வச்சிருப்பான். அப்பறம் குடுத்திருப்பான்." துண்டால் கண்ணைத் துடைத்தார். "நானும் அப்படித்தாம்மா பண்ணியிருப்பேன்."

5

முடிவு ஒன்று. வானதி கொடுக்கிறாள். ஐந்து எழுத்தும் தள்ளித் தள்ளி நிற்கின்றன, வாயில் பல் விழுந்த மாதிரி. ராஜராஜன் ஜெயிக்கிறார். கட்சிப் பத்திரிகைக்கு அனுப்பலாம்.

முடிவு இரண்டு. மறுக்கிறாள். ஐப்பசி மழையில் வெள்ளை பாசி பிடிக்கிறது. ராஜராஜன் கொஞ்ச ஓட்டில் தோற்கிறார். வைத்தியலிங்கம் கடைசியாகச் சொல்லிவிட்டு வந்த ஒரு வாக்கு, அவர் பெண்டாட்டியாலேயே பொய்யாகிறது.

முடிவு மூன்று. வாளியோடு காத்திருக்கும் சைபுல்லாவைக் கூப்பிட்டு, அந்த எட்டு எழுத்தையே எழுதச் சொல்கிறாள்.

[இதைக் கிழித்துவிட்டேன். உடனே கிழிக்கவில்லை.]

நிஜத்தில் என்ன நடந்தது என்று பஸ் ஏறி வந்து சுவரைப் பார்த்தால் தெரியும். வரவேண்டாம். எனக்கு ராஜராஜன் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறார். டீயில் ஆடை படிந்துவிட்டது. இதற்குமேல் வானதியைப் பேசவைக்க எனக்குத் தெம்பில்லை.

கீழே இடம் விட்டிருக்கிறேன். யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அளந்து விட்டது எட்டு எழுத்துக்கு.

உங்கள் வேட்பாளர் [                                ]